காவற் புரதமும் அதன் விழிப்பைக் காட்டிய எதிர்ப்பொருளும்

புற்று என்பது கறையான் எழுப்பும் மண்மேட்டின் பெயர். உடலில் தோன்றி, உள்ளே பரவி, வெளியே மேடாக எழும் கொடிய கட்டிக்கும் நம் முன்னோர் அப்பெயரையே இட்டனர். கிரேக்கர் அந்நோயை நண்டு என்றனர். நாம் புற்று என்றோம். சித்த மருத்துவ வழக்கிலே கன்னப்புற்று என்று ஒரு நோய் தனியாகவே பேசப்படுகின்றது. கன்னத்தின் உட்புறத்தே தோன்றும் இந்நோய், வெற்றிலை பாக்குப் பழக்கத்தைப் பின்தொடர்ந்து கடல் கடந்து, மலாயாத் தோட்டங்களிலும் நம்மவரைப் பற்றியது. ஆதலின் புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாறு நமக்கு அயலார் கதை அன்று.

அவ்வரலாற்றின் ஒரு பகுதியை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் புற்றுக்கு எதிராகக் காவல் நிற்கும் புரதம் ஒன்று உண்டு. அறிவியலார் அதற்குப் பி-53 என்று பெயரிட்டுள்ளனர். இத்தகைய புரதங்களைக் கட்டியடக்கும் புரதங்கள் என்பர். காவலன் இருக்கின்றானா என்று அறிவது ஒன்று. விழித்திருந்து தொழில் புரிகின்றானா என்று அறிவது மற்றொன்று. அவன் இருப்பதை உலகம் 1979ஆம் ஆண்டில் அறிந்தது. அவன் விழித்திருப்பதைக் காட்டும் கருவி 1997ஆம் ஆண்டளவில்தான் கைக்கு வந்தது. இவ்விரண்டிற்கும் இடையே, காவலனைக் கள்வன் என்றே அறிஞர் உலகம் பத்தாண்டுக் காலம் எண்ணியிருந்தது. அஃது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு நீங்கிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எதிர்ப்பொருள் என்னும் கருவி

நோய்க்கிருமியோ பிற அயற்பொருளோ உடலில் நுழையுமாயின், அதனைப் பற்றிப் பிடிக்கும் புரதங்களை உடல் உண்டாக்கிக் குருதியில் விடுகின்றது. இவையே எதிர்ப்பொருள்கள். இலங்கைத் தமிழ் நூலார் இவற்றைப் பிறபொருளெதிரி என்பர். ஓர் எதிர்ப்பொருள் தனக்குரிய பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டுமே பற்றும். வேறொன்றை எளிதில் பற்றாது. இவ்வியல்பே அதனை மருந்தாகவும், ஆய்வுக் கருவியாகவும் ஆக்கிற்று.

1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எமில் பான் பெரிங் என்பவரும், ஜப்பானியரான கிட்டசாட்டோ என்பவரும், நோய் நஞ்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் சீரம் மற்றொரு விலங்கையும் அந்நஞ்சிலிருந்து காக்கும் என்று காட்டினர். அது மருந்தின் தொடக்கம். கருவியின் தொடக்கம் 1941ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர், எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அது சென்று பற்றிய இடத்தை நுண்ணோக்கியில் கண்டார். 1966ஆம் ஆண்டில் நக்கானே, பியர்ஸ் என்னும் இருவர் சாயத்திற்குப் பதிலாக ஒரு நொதியைப் பிணைத்தனர். அந்நொதி தன்னிடத்தே நிறத்தை உண்டாக்குவதால், சாதாரண நுண்ணோக்கியிலேயே பொருள் இருக்கும் இடம் தெரியலாயிற்று. இன்று மருத்துவமனைகளில் காணும் பழுப்புநிறச் சோதனைகள் இவ்வழியில் வந்தவையே.

எனினும் ஒரு குறை இருந்தது. விலங்கின் சீரத்தில் ஓர் எதிர்ப்பொருள் மட்டும் இராது. பல்வேறு எதிர்ப்பொருள்கள் கலந்தே இருக்கும். விலங்கு மாறினால் கலவையும் மாறும். 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் என்னும் இருவரும் இக்குறையைத் தீர்த்தனர். எதிர்ப்பொருள் செய்யும் எலியின் உயிரணு ஒன்றை, ஓயாது பெருகும் புற்றணு ஒன்றோடு இணைத்தனர். பிறந்த கலப்பணு ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவின்றிச் சுரந்தது. இதனை ஒருமூல எதிர்ப்பொருள் எனலாம். 1984ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும், நீல்ஸ் யெர்னே என்பவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்முறைக்குக் காப்புரிமை பெறப்படாமையால், உலகின் எந்த ஆய்வுக்கூடமும் இதனைத் தடையின்றிக் கையாள முடிந்தது. புற்றைத் தேடும் கருவி, புற்றணுவின் துணையாலேயே பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

பி-53 வெளிப்பட்ட வரலாறு

குரங்குகளிடத்தே காணப்படும் எஸ்.வி.-40 என்னும் நச்சுயிரி, சில விலங்குகளுக்குக் கட்டியை உண்டாக்கும். அந்நச்சுயிரிக்குரிய புரதம் ஒன்றை எதிர்ப்பொருள் கொண்டு பிடித்து வெளியே எடுக்க முயன்றனர் ஆய்வாளர். எதிர்பார்த்த புரதம் வந்தது. அதனோடு ஒட்டிக்கொண்டு எதிர்பாராத மற்றொரு புரதமும் வந்தது. அஃது உயிரணுவின் சொந்தப் புரதம். லண்டனில் டேவிட் லேன், லயனல் கிராபோர்டு ஆகிய இருவரும், பிரின்ஸ்டன் நகரில் டேனியல் லின்சர், ஆர்னால்டு லெவின் ஆகிய இருவரும் இதனை 1979ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு என்பவரின் குழுவினர், வேதிப்பொருளால் உண்டான எலிக் கட்டிகளை ஆராயும் வழியில் இதே புரதத்தை எட்டினர்.

அதன் எடை 53,000 அலகு என்று கணித்துப் பி-53 என்றனர். மெய்யான எடை ஏறத்தாழ 44,000 அலகே என்பது பின்னர்த் தெரிந்தது. எடை அளக்கும் பசைத்தட்டில் அப்புரதம் இயல்பினும் மெதுவாக நகர்ந்ததே காரணம். கணக்குத் திருந்திற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஊர்ப்பெயர்களுக்கும் இவ்வாறு நேர்வதுண்டு. எங்கள் பங்சார், புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியர் பெயரால் வழங்கிய ரப்பர்த் தோட்டத்தின் பெயர் மருவி வந்தது என்பர். தோட்டம் போயிற்று, பெயர் இருக்கின்றது.

1982ஆம் ஆண்டில் மற்றொரு செய்தி கிடைத்தது. மார்பகப் புற்று நோயாளர் சிலரின் குருதியிலேயே பி-53ஐப் பற்றும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கிராபோர்டு குழுவினர் கண்டனர். ஆய்வுக்கூடத்தார் செய்யும் முன்னரே, நோயுற்ற உடல் தானே அக்கருவியைச் செய்துகொண்டிருந்தது.

பிழையேட்டை மூலமாகக் கொண்ட பத்தாண்டுகள்

கட்டிகளைச் சோதித்தபோதெல்லாம் பி-53 மிகுதியாகத் தென்பட்டது. நலமான தசையிலோ அது கண்ணுக்கே புலப்படவில்லை. கள்வர் கூடும் இடமெல்லாம் காணப்படுகின்றவனைக் கள்வன் என்று கருதுவது இயற்கை. 1984ஆம் ஆண்டில் பி-53இன் மரபணுவைப் படியெடுத்து நல்ல உயிரணுக்களில் புகுத்தினர். அவையும் புற்றின் போக்கை மேற்கொண்டன. ஆகவே பி-53 புற்றை வளர்ப்பது என்னும் முடிபு உறுதிபெற்றது.

ஏடு பெயர்த்தெழுதும் வழக்கை அறிந்த தமிழாசிரியர்க்கு இங்கே நேர்ந்த பிழை எளிதில் விளங்கும். பெயர்த்தெழுதியவன் ஓர் எழுத்தைப் பிழைபட எழுதிவிட்டால், அவ்வேட்டிலிருந்து பிறக்கும் ஏடுகள் அனைத்தும் அப்பிழையைச் சுமக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவன் அதுவே மூலபாடம் என்று எண்ணுவான். ஆய்வாளர் படியெடுத்துப் பயன்படுத்திய பி-53 மரபணுக்கள் பல, கட்டி அணுக்களிலிருந்து வந்தவை; முன்னரே திரிபடைந்தவை. வேறு ஏடுகளோடு ஒப்புநோக்கிய பின்னரே அவை பிழையேடுகள் என்பது வெளிப்பட்டது.

1989ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரின் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர், பெருங்குடற் புற்றில் பதினேழாம் நிறப்புரியின் ஒரு பகுதி இழக்கப்படுவதையும், எஞ்சிய படியிலுள்ள பி-53 மரபணு திரிந்திருப்பதையும் காட்டினர். அதே ஆண்டில் லெவின் குழுவினர், திரிபற்ற பி-53ஐப் புகுத்தினால் புற்றின் போக்கு அடங்குகின்றது என்று மெய்ப்பித்தனர். கள்வன் எனப்பட்டவன் காவலன் ஆனான். 1992ஆம் ஆண்டில் லேன் அதனை மரபணுத் தொகுதியின் காவலன் என்று அழைத்தார். அப்பெயர் இன்றளவும் வழங்குகின்றது.

அப்படியானால் கட்டியில் அது மிகுந்திருந்தது ஏன்? நலமான உயிரணுவில் பி-53இன் வாழ்நாள் சில நிமிடங்களே. எம்.டி.எம்.-2 என்னும் மற்றொரு புரதம் அதனைப் பற்றி அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எம்.டி.எம்.-2ஐ உண்டாக்க ஆணையிடுவதும் பி-53தான். தன்னை அடக்குவோனைத் தானே அமர்த்திக்கொள்ளும் இவ்வொழுங்கினால், தேவையற்ற காலத்தில் காவலன் மிகாமல் இருக்கின்றான். திரிபடைந்த பி-53க்கு ஆணையிடும் ஆற்றல் இல்லை. ஆதலின் அதனை அகற்றுவார் குறைந்து, அது குவிந்துகிடக்கின்றது. கட்டியில் மிகுதியாகத் தோன்றியது காவலின் மிகுதி அன்று. செயலிழந்த காவலரின் குவியல்.

எழுத்தின் மேலுள்ள புள்ளி

இதனோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. புற ஊதாக் கதிர் பட்ட உயிரணுவில் பி-53 மிகுகின்றது என்று 1984ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். கதிர்வீச்சினால் டி.என்.ஏ. முறிந்தாலும் அவ்வாறே மிகுந்து, உயிரணுப் பெருக்கம் நிற்கின்றது என்று 1991ஆம் ஆண்டில் மைக்கேல் காஸ்டன் குழுவினர் காட்டினர். காயம் கண்டு காவலன் விழித்தாலும் அளவு கூடும். காவலன் கெட்டுப்போனாலும் அளவு கூடும். அளவை மட்டும் காட்டும் எதிர்ப்பொருளால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஒன்று உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை. மற்றொன்று காப்பு அழிந்த நிலை. இவற்றை ஒன்றாக எண்ணினால் நோயைப் பற்றிய முடிபே தலைகீழாகிவிடும்.

முதலில், புரதத்தின் மடிப்பை வைத்துப் பிரிக்க முயன்றனர். 1984ஆம் ஆண்டில் வந்த பி.ஏ.பி.-1620 என்னும் எதிர்ப்பொருள், சரியாக மடிந்த பி-53ஐப் பற்றும். 1990ஆம் ஆண்டில் வந்த பி.ஏ.பி.-240, மடிப்புக் குலைந்ததைப் பற்றும். பின்னர் 1992ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் லேனின் ஆய்வுக்கூடத்தில் டெட் ஹப் முதலியோர் ஒரு புதுமையைக் கண்டனர். பி.ஏ.பி.-421 என்னும் எதிர்ப்பொருள் பி-53இன் வாற்பகுதியைப் பற்றியதும், உறங்கிக்கிடந்த அப்புரதம் டி.என்.ஏ.வைப் பிணைக்கும் ஆற்றல் பெற்றது. ஒரே புரதத்திற்கு உறக்கநிலை, விழிப்புநிலை என இரண்டு உண்டு என்பது இதனால் துலங்கிற்று. உயிரணுவுக்குள் அதனை எழுப்புவது எது என்பதே அடுத்த வினா.

விடை ஒரு சிறு அடையாளத்தில் இருந்தது. பி-53 என்பது 393 அமினோ அமிலங்கள் கோத்த சரம். டி.என்.ஏ. முறிந்தவுடன், வங்கிப் பொறியின் பெயரை நினைவூட்டும் ஏ.டி.எம். என்னும் நொதி, அச்சரத்தின் பதினைந்தாம் இடத்திலுள்ள செரின் என்னும் அமிலத்தின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகின்றது. வேறு நொதிகள் இருபதாம் இடம் முதலியவற்றிலும் ஏற்றுகின்றன. இவ்வடையாளங்கள் சேரும்போது எம்.டி.எம்.-2இன் பிடி தளர்கின்றது. பி-53 அழியாமல் நின்று, நந்நான்காகக் கூடி, டி.என்.ஏ.வைப் பற்றி ஆணையிடுகின்றது. காயம் சிறிதாயின், பி-21 என்னும் புரதத்தைக் கொண்டு பெருக்கத்தை நிறுத்திப் பழுதுபார்க்க இடம்தருகின்றது. காயம் பெரிதாயின், அவ்வுயிரணுவையே மாய்த்துவிடுகின்றது.

393 மணிகளில் ஒரு மணியின்மேல் ஏறிய அடையாளத்தைக் காண்பது எப்படி? மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஆயினும் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் என்று அஞ்சிப் பெரும்பாலோர் புள்ளியை விட்டுவிட்டனர். எழுத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரியும். அது மெய்யா, உயிர்மெய்யா என்பது தெரியாது. படிப்போர் இடம்நோக்கி ஊகித்துக்கொள்ள வேண்டும். பழைய எதிர்ப்பொருள்கள் பி-53 என்னும் எழுத்தைக் காட்டின. அதன்மேலுள்ள புள்ளியைக் காட்டவில்லை.

புள்ளியைக் காட்டும் எதிர்ப்பொருள் செய்யும் முறை இது. பதினைந்தாம் இடத்தைச் சூழ்ந்த பத்துப் பதினைந்து அமினோ அமிலங்களை மட்டும் செயற்கையாகக் கோத்து, செரின்மேல் பாஸ்பேட்டையும் ஏற்றுவர். இச்சிறு சரத்தைப் பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து முயலுக்கு ஊசியிடுவர். முயலின் சீரத்தில் புள்ளியுள்ளதைப் பற்றுவனவும், புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பற்றுவனவும் கலந்திருக்கும். பாஸ்பேட் இல்லாத சரங்களை நிரப்பிய குழாயின் வழியே சீரத்தைச் செலுத்தினால், பின்னவை அங்கேயே தங்கிவிடும். எஞ்சி வருவது புள்ளியை மட்டும் அறியும் எதிர்ப்பொருள். நியூயார்க்கில் கேரல் பிரைவ்ஸ், டோக்கியோவில் யோயிச்சி தாயா ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வும், காஸ்டன் குழுவினரின் ஆய்வும் 1997ஆம் ஆண்டில் இத்தகைய கருவிகளைக் கொண்டே பதினைந்தாம் இடத்தின் மாற்றத்தை நிலைநாட்டின. அதனைச் செய்யும் நொதி ஏ.டி.எம். என்பது 1998ஆம் ஆண்டில் உறுதியாயிற்று.

மருத்துவமனை மேசையில்

இவ்வளவு நுண்ணிய கருவி கிடைத்த பின்னும், மருத்துவமனைகளில் நாள்தோறும் கையாளப்படுவது பெரும்பாலும் டி.ஓ.-7 போன்ற எதிர்ப்பொருளே. இது 1992ஆம் ஆண்டில் வெளியானது. பி-53 எந்நிலையில் இருந்தாலும் பற்றும். மெழுகில் பதித்த தசைத்துண்டைச் சீவி, சூடுபடுத்தி, இவ்வெதிர்ப்பொருளை இட்டு நோக்குவர். உட்கருக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெவ்வேறு அளவில் நிறம் பெற்றிருந்தால் அஃது இயல்பு. எல்லா உட்கருக்களும் கடும்பழுப்பாக இருந்தால் மரபணுத் திரிபை ஐயுற வேண்டும். நிறமே இல்லையெனினும் ஐயுற வேண்டும்; சில திரிபுகளில் புரதமே உண்டாவதில்லை. முற்றும் இருத்தலும் தீது; முற்றும் இல்லாமையும் தீது.

விழிப்பைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் ஆய்வுக்கூடத்திலேயே மிகுதியும் பயன்படுவதற்குக் காரணம் உண்டு. தசையை உடலிலிருந்து எடுத்த பின், பாஸ்பேட்டை உரிக்கும் நொதிகள் தம் தொழிலைத் தொடர்கின்றன. பதப்படுத்தச் சற்றே தாமதித்தாலும் புள்ளி அழிந்துவிடக்கூடும். விழித்திருந்தவனை உறங்கினான் என்று கூற நேரும். ஆதலின் இக்கருவியைக் கையாள்வோர், கதிர்பட்ட அணுவையும், படாத அணுவையும், பி-53 அறவே இல்லாத அணுவையும் உடன்வைத்து ஒப்பிட்ட பின்னரே முடிபு கூறுவர். புதிய மருந்து ஒன்று காவலனை எழுப்புகின்றதா என்று தேர்வதில் இவற்றின் பயன் பெரிது.

நம் நாட்டில்

இனி நம் நிலத்திற்கு வருவோம். கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தொடக்க காலத்தில் அதன் கவலை மலேரியாவும் பெரிபெரியுமாக இருந்தன. 1960ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து மியூர், கர்க் என்னும் இருவர் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று ஆகியவற்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 1976ஆம் ஆண்டில் இராமநாதன், இலட்சுமி ஆகிய இருவரும் தீபகற்ப மலேசியாவில் வாய்ப்புற்று இனந்தோறும் வேறுபடுவதை ஆராய்ந்து எழுதினர். மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கான இந்தியரிடையே, இந்நோய் அப்பங்குக்கு மீறி மிகுந்திருந்தது.

1993, 1994ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைச் சோதித்தனர். புற்றாக மாறக்கூடிய முன்னிலை மாற்றங்கள் இந்தியரிடையே 4.0 விழுக்காடாகவும், சீனரிடையே 0.5 விழுக்காடாகவும் காணப்பட்டன. எட்டு மடங்கு வேறுபாடு! இது குருதியின் குற்றம் அன்று, பழக்கத்தின் விளைவு. புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் அறிஞர் குழு கூறிய முடிபு 2004ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பாக்கிலுள்ள பொருள்கள் சுண்ணாம்போடு சேரும்போது, டி.என்.ஏ.வைத் தாக்கும் வினைப்பொருள்கள் வாயிலேயே பிறக்கின்றன. ஒவ்வொரு தாக்குதலுக்கும் பி-53 விழித்தெழுகின்றது. இருபது முப்பது ஆண்டுகள் நாள்தோறும் பலமுறை அடக்கிவைக்கும் வெற்றிலையால், ஒருநாள் அக்காவலனின் மரபணுவே அடிபடவும் கூடும். அதன்பின் எழுப்புவதற்கு எவரும் இல்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவத் துறையினரும், 2001ஆம் ஆண்டில் சுபாங் ஜெயாவில் தொடங்கப்பெற்ற புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இந்நோயில் கருத்துச் செலுத்திவந்துள்ளனர். மலேசிய நோயாளரின் வாய்க்கட்டிகளிலிருந்து வளர்த்த உயிரணு வரிசைகளைப் பற்றி அவர்கள் 2007ஆம் ஆண்டில் எழுதினர். அயல்நாட்டார் அணுக்களையே நம்பியிராமல், நம்மவர் நோயை நம்மவர் அணுக்களில் ஆராய இதனால் வழி பிறந்தது. பி-53ஐக் கண்டவருள் ஒருவரான டேவிட் லேனும் 2004ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மூலக்கூறு உயிரணு உயிரியல் கழகத்தின் தலைமையை ஏற்றார். லண்டனில் தொடங்கிய வரலாறு நம் வாயிலுக்கே வந்துவிட்டது.

ஆசிரியர் செய்யத்தக்கது

இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்று. ஒரு பொருள் இருக்கின்றது என்று காண்பதோடு நின்றுவிடலாகாது. அது தன் தொழிலைச் செய்கின்றதா என்றும் வினவ வேண்டும். எண்ணிக்கையை மட்டும் நோக்கிய காலத்தில், கெட்டுப்போன காவலரின் குவியலைக் கண்டு அறிஞரே பிறழ உணர்ந்தனர். பள்ளி நடத்துவோர்க்கும் இது பொருந்தும். வருகைப் பதிவேட்டில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் பாடத்தில் விழித்திருப்பவர் அல்லர் என்பதை நாம் அறிவோம்.

எனினும் எதிர்ப்பொருள் சோதனை தசைத்துண்டு கைக்கு வந்த பின்னரே தொடங்குவது. அதற்கு முன்னர் யாரேனும் வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிவிட்டனர். ஆனால் பாட்டியின் வெற்றிலைப் பை உடன்வந்துவிட்டது. பதமாகும் பாக்குப் பொட்டலங்களும் கடைகளில் தொங்குகின்றன. கன்னத்தின் உட்புறத்தே சுரண்டினாலும் போகாத வெண்படை அல்லது செம்படை, இரண்டு வாரத்திற்கு மேலும் ஆறாத புண், வாயை அகலத் திறக்க இயலாமை ஆகிய இவை கண்டால் உடனே பல்மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இச்சில செய்திகளைப் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பினால், அவை அன்று மாலையே பாட்டியின் காதுக்கு எட்டும். காவலன் சிதையுமுன் காயத்தைக் குறைப்பதே, எந்த ஆய்வுக்கூடமும் செய்ய இயலாத, நம்மால் மட்டும் இயலும் பணி.